ஒரு சீரை மாற்றினால் எத்தனை தளை தட்டும்?



ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் காலணியின் மேற்பகுதி தைக்கும் கூடங்களை அறியாதவர் இவ்வவையில் அரியர். தைத்து முடிந்த மேற்பகுதி ஒன்றில் ஒரு துண்டு மட்டும் பழுது என்று கண்டால், தேர்ந்த தையற்காரர் முழுவதையும் தூக்கி எறிவதில்லை. பழுதுபட்ட துண்டை அவசரமாகப் பிய்த்தெடுப்பதும் இல்லை. அத்துண்டு எவ்வெவற்றோடு, எத்தனை தையல்களால் இணைந்து நிற்கிறது என்பதை முதலில் பார்க்கிறார். அத்தையல்களை மட்டும் பிரிக்கிறார். புதிய துண்டு வேறொரு தோலிலிருந்து வெட்டப்பட்டதாயின் இன்னொரு தொல்லையும் எழும். ஒரு தோலைப் போல மற்றொரு தோல் நிறத்தாலும் மயிர்க்கால் அமைப்பாலும் ஒத்திருப்பதில்லை. ஆதலால் இணையாகிய மற்றக் காலணியிலும் அதே துண்டை மாற்ற நேரிடலாம். பழுது இருந்தது இடக்காலில். திருத்தம் வலக்காலிலும் நிகழ்கிறது.

ஒன்றை மாற்றினால் அதனோடு எவ்வளவு மாற வேண்டும் என்னும் இவ்வினா, தோல் தொழிலுக்கு மட்டும் உரியதன்று. கணிப்பொறித் திரையை அமைத்தவர்களும் இதே வினாவோடு பல்லாண்டு போராடினர். வெண்பா எழுதுவோர் அவர்களுக்குப் பல நூற்றாண்டு முன்னரே இதனை எதிர்கொண்டனர். இரண்டையும் அருகருகே வைத்து நோக்கினால், கவிஞர் தம் கவிதையைத் திருத்தும் செயலின் இயல்பு சற்றுத் தெளிவாகும்.

முதலில் திரை. கணிப்பொறித் திரை என்பது நுண்ணிய ஒளிப்புள்ளிகளின் அணிவகுப்பு. 1984இல் வெளிவந்த மெக்கின்டாஷ் கணிப்பொறியின் திரையில் கிடையாக 512, செங்குத்தாக 342 என 1,75,104 புள்ளிகள் இருந்தன. அவை கறுப்பு, வெள்ளை என்னும் இரண்டு நிறங்களே கொண்டவை. இக்காலத்தில் பரவலாக வழங்கும் 1920க்கு 1080 என்னும் அளவுடைய திரையில் 20,73,600 புள்ளிகள் உள்ளன. அத்திரையின் மூலையில் ஒரு கடிகாரம் இருப்பதாகக் கொள்வோர், நிமிடம் ஒன்று மாறும்போது நிகழ வேண்டுவது என்ன என்று எண்ணிப் பார்க்கலாம். மாறியது ஓர் இலக்கம். அதற்காக இருபது இலட்சம் புள்ளிகளையும் அழித்து மீண்டும் வரைவது, ஒரு செங்கல் உடைந்ததற்காக வீட்டை இடித்துக் கட்டுவதை ஒக்கும். காலம் வீணாவதோடு கண்ணுக்கும் அது துன்பம். முழுச் சாளரத்தையும் துடைத்துவிட்டு மறுபடி வரையும் இடைவெளியில் திரை துடிக்கும்.

இதற்குக் கண்ட வழி எளிமையானது. மாற்றம் அடைந்த உறுப்பு தன்னைத் தானே உடனே வரைந்துகொள்வதில்லை. 'இன்ன இடத்தில், இன்ன நீள அகலத்தில் உள்ள பகுதி பழையதாகிவிட்டது' என்று அமைப்புக்கு அறிவிப்பதோடு அதன் கடமை முடிகிறது. அமைப்பு அத்தகைய அறிவிப்புகளைத் திரட்டுகிறது. ஒன்றன்மேல் ஒன்றாக விழுவனவற்றைச் சேர்த்து ஒன்றாக்குகிறது. ஓய்வு கிடைத்ததும், அப்பகுதியை மட்டும் வரையுமாறு ஆணையிடுகிறது. அந்த எல்லைக்கு வெளியே எவ்வளவு வரைந்தாலும் திரையில் ஏறாது. பழையதாகிவிட்ட அப்பகுதியைக் கணிப்பொறித் துறையினர் 'அழுக்கான பகுதி' என்றே வழங்குகின்றனர். இலக்கணப் பெயரில் இல்லாத உயிர்ப்பு இக்குழூஉக்குறியில் இருக்கிறது.

அழுக்கின் எல்லையைச் சரியாகக் கணிப்பதில்தான் திறமை முழுவதும் அடங்கியுள்ளது. கடிகாரம் 9.58இலிருந்து 9.59க்கு மாறும்போது ஓர் இலக்கத்தின் இடம் மட்டும் அழுக்காகும். 9.59இலிருந்து 10.00 ஆகும்போதோ இலக்கங்கள் அனைத்தும் மாறுவதோடு, மூன்று நான்காகிறது, அகலம் கூடுகிறது, பக்கத்தில் நின்ற சொல் நகர வேண்டியதாகிறது. இதனை முன்கூட்டி எண்ணாதவர் எழுதிய நிரலில், பழைய இலக்கத்தின் வால் புதிய சொல்லின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும். வேண்டியதைவிட மிகுதியாக வரைந்தால் காலமே வீண். குறைவாக வரைந்தாலோ பொய் நிற்கும்.

இத்துறையில் சுவையான ஒரு வரலாறு உண்டு. 1979இல் ஆப்பிள் நிறுவனத்தைச் சேர்ந்தோர், கலிபோர்னியாவில் பாலோ ஆல்ட்டோ என்னும் ஊரிலிருந்த ஜெராக்ஸ் ஆய்வு மையத்தைக் காணச் சென்றனர். அவர்களுள் பில் அட்கின்சன் என்பவரும் ஒருவர். மேசைமேல் கிடக்கும் தாள்களைப் போல ஒன்றன்மேல் ஒன்று கவிந்து கிடந்த சாளரங்களை அங்கு அவர் கண்டார். மேலே கிடக்கும் சாளரம் விலகினால், அடியில் மறைந்திருந்த பகுதி மட்டும் தானே நிரம்பிக்கொள்கிறது என்று அவர் நம்பினார். அது எவ்வாறு இயலும் என்று நெடுநாள் சிந்தித்து, எத்தகைய ஒழுங்கற்ற வடிவத்தையும் சுருக்கமாகக் குறித்து வைத்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கவும் ஒன்றோடு ஒன்றைக் கூட்டவும் வல்ல கணக்குமுறை ஒன்றை வகுத்தார். அம்முறை 1983இல் லிசா கணிப்பொறியிலும், 1984இல் மெக்கின்டாஷ் கணிப்பொறியிலும் இடம்பெற்றது. பிற்பாடுதான் உண்மை தெரிந்தது. ஜெராக்ஸ் மையத்துச் சாளரங்கள் தம்மைத் தாமே நிரப்பிக்கொள்ளவில்லை. மறைந்த சாளரத்தை மேலே கொணர்ந்தால்தான் அது மீண்டும் வரையப்பட்டது. இல்லாத ஒன்றைக் கண்டதாக நினைத்தவர், அதனை உண்டாக்கிவிட்டார். தவறாகப் படித்த ஒரு வரியிலிருந்து புதிய கவிதை பிறப்பதைக் கவிஞர்கள் அறிவர். அவர்களுக்கு இது வியப்பாக இராது.

தமிழ் எழுத்து இத்திரையில் ஏறியபோது புதிய சிக்கல் தோன்றியது. பழைய கணிப்பொறித் திரை, வரிக்கு 80 கட்டமாக 25 வரி கொண்டது. கட்டத்துக்கு ஓர் எழுத்து. ஆங்கிலத்தில் ஓர் எழுத்தை அடித்தால் ஒரு கட்டம் மட்டும் மாறும். அதற்கு இடப்புறம் நிற்கும் யாவும் முடிந்த பொருள். தமிழில் அவ்வாறன்று. ககரத்தை அடித்த பின் ஒகரத்தை அடிப்பவருக்குக் 'கொ' தோன்ற வேண்டும். அதற்கு, முன்னரே திரையில் நின்ற ககரம் வலப்புறம் விலக வேண்டும். அதன் பழைய இடத்தில் ஒற்றைக்கொம்பு வந்து நிற்க வேண்டும். வலப்பக்கம் கால் சேர வேண்டும். இடப்புறம் முடிந்த பொருள் என்று நம்பி எழுதப்பட்ட நிரலில், ககரத்தின் தலைமேல் கொம்பு ஏறி நிற்கும். தட்டச்சுப் பொறியில் இத்தொல்லை இல்லை. அங்குக் கொம்பை முதலில் அடித்துவிட்டுப் பிறகு ககரத்தை அடிப்பர். கண் காணும் வரிசை அது. நாவும் செவியும் அறியும் வரிசை வேறு: மெய் முன்னர், உயிர் பின்னர். தொல்காப்பியர் கொண்ட வரிசையும் அதுவே. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டின் வழியே வந்த தமிழ்99 விசைப்பலகையும், 1991இலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கிய யூனிகோடு குறிமுறையும் செவியின் வரிசையையே மேற்கொண்டன. வரிசை செவிக்கு உரியதானமையால், கண்ணுக்குரிய திரையை ஒழுங்குபடுத்தும் சுமை கணிப்பொறியின் மேல் விழுந்தது. ஒரு குறி மாறினும் உயிர்மெய் முழுவதையும் அழுக்காகக் கொள்ள வேண்டும் என்பதே கண்ட முடிவு. தமிழில் திரையின் மிகச் சிறிய அலகு குறியன்று, எழுத்து. இலக்கண ஆசிரியர் உயிர்மெய்க்குத் தனிப்பெயர் இட்டதன் அருமை, வேறு மொழிக்கென எழுந்த பொறியோடு மோதியபோது ஒருமுறை மெய்ப்பிக்கப்பட்டது எனலாம்.

எழுத்தைப் பற்றிய பேச்சு வந்தமையால், தமிழ் வரிவடிவம் முழுவதையும் மாற்றாமல் அதன் சில உறுப்புகளை மட்டும் மாற்றிய வரலாற்றை இங்கு விட்டுச் செல்ல இயலாது. 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேறுபாடு தோன்றச் செய்தார். அண்மைக் காலத் திருத்தம் பெரியாருடையது. அவர் 1935இல் தம் ஏடாகிய குடி அரசில் அதனைக் கைக்கொண்டார். 1973 டிசம்பர் 24இல் இதே வேலூரில், கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அவர் மறைந்தார். அதன்பின் ஐந்தாண்டு கழிந்து, 1978இல், எம்.ஜி.ஆர். அரசு அவருடைய திருத்தத்தின் பெரும்பகுதியை ஏற்று ஆணை பிறப்பித்தது. ணா, றா, னா, ணொ, றொ, னொ, ணோ, றோ, னோ, ணை, லை, ளை, னை என்னும் 13 எழுத்துகள் மாறின. 247 எழுத்துகளுள் ஏனைய 234க்கும் ஊறு ஒன்றும் நேரவில்லை.

அந்தப் பதின்மூன்றனுள்ளும் தனி வடிவங்கள் ஏழே. காலை உள்ளிழுத்துச் சுருண்டிருந்த மூன்று. யானைத் துதிக்கை போல மேல் வளைந்த ஐகாரம் நான்கு. ஒகர ஓகார வரிசையில் வருவன, முன் மூன்றன் இடப்பக்கம் கொம்பு சேர்ந்தவையே. புதிதாக ஒரு குறியும் படைக்கப்படவில்லை. 'கா'வில் இருந்த கால் 'ணா'வுக்கு வந்தது. 'கை'யில் இருந்த குறி 'லை'க்கு வந்தது. அதனாலேயே புது வடிவம் கண்ட சிறுவர் அதனைத் தடையின்றிப் படித்தனர். பழைய நூல்களும் முதியோர் கைக்கு அந்நியமாகவில்லை.

பெரியார் கூறியவற்றுள் ஆணையில் ஏறாதது ஒன்று உண்டு: ஐ என்பதற்கு அய், ஔ என்பதற்கு அவ் என எழுதுதல். செவிக்கு இதனால் பெரிய இழப்பில்லை. யாப்பிலும் அய் என்பது நேரசையாகவே நிற்கும். அகரத்தோடு ஐகாரம் மோனை கொள்வதும் பழமையானது. பின் ஏன் நின்றது? அரசின் எண்ணம் எதுவாயினும், அழுக்கின் எல்லையை வைத்து நோக்கினால் ஒரு வேறுபாடு தெரிகிறது. 'லை'யின் துதிக்கையை நீக்கியபோது மாறியது தோற்றம். 'தலை' என்னும் சொல் அகராதியில் தன் இடத்திலேயே இருந்தது. 'தலய்' என்று எழுதத் தொடங்கினாலோ இரண்டெழுத்துச் சொல் மூன்றெழுத்தாகிறது. அகராதி வரிசை கலைகிறது. ஐகாரம் வரும் ஒவ்வொரு சொல்லும் அழுக்காகிறது. முன்னது தோற்றத் திருத்தம், பின்னது பொருளுக்குள் நுழையும் திருத்தம். இன்று கணிப்பொறியில் இவ்வேறுபாட்டைக் கண்ணாரக் காணலாம். ஒரே கோப்பைப் பழைய துதிக்கை லையுடைய எழுத்துருவிலும் புதிய எழுத்துருவிலும் மாற்றி மாற்றிக் காட்ட இயலும். உள்ளிருக்கும் குறியீட்டில் ஓர் எண்ணும் மாறுவதில்லை.

இனி யாப்புக்கு வரலாம். எடுத்துக்காட்டுக்கென்றே கட்டிய குறள் வெண்பா ஒன்று:

பாலாற்று மண்ணில் பதனிட்ட தோல்போலக்
காலத்தை வெல்லும் கவி.

தேமாங்காய், தேமா, புளிமாங்காய், தேமாங்காய். அடுத்த அடியில் தேமாங்காய், தேமா, மலர். காய்முன் நேரும் மாமுன் நிரையும் பிழையாமல் வெண்டளை ஓடுகிறது. பாலா, கால என எதுகை. பா, ப எனவும் கா, க எனவும் மோனை. பாட்டு எளியது, திருத்திப் பார்ப்பதற்கு அதுவே வாய்ப்பு.

'மண்ணில்' என்பதனை நீக்கிக் 'கரையில்' என்று வைக்க ஒருவர் விரும்பலாம். தோல் பதனிடும் கூடங்கள் கரையில்தானே இருக்கின்றன? ஆயின் 'கரையில்' புளிமா, நிரையில் தொடங்குவது. முன் நிற்கும் 'பாலாற்று' காய்ச்சீர். காய்முன் நேர் வர வேண்டிய இடத்தில் நிரை வந்தமையால் தளை தட்டுகிறது. பின்பக்கத் தையல் கெடவில்லை. மாச்சீரின் முன் 'பதனிட்ட' முறையாகவே நிற்கிறது. கெட்டது முன்பக்கத் தையல் ஒன்றே. வெண்பாவில் இடைச்சீர் எதனை மாற்றினும் தளையைப் பொறுத்தவரை பார்க்க வேண்டியவை இரண்டே மூட்டுகள் என்பது எவ்வளவு பெரிய வசதி! ஏனைய சீர்களைத் தொட்டும் பார்க்க வேண்டியதில்லை.

'பதனிட்ட' என்பதற்கு 'உலர்த்திய' என்று வைத்தால் இரண்டு மூட்டுகளும் பொருந்துகின்றன. 'மண்ணில்' தேமா, அதன் முன் நிரை வந்தது. 'உலர்த்திய' கருவிளம், அதன் முன் 'தோல்' என நேர் நின்றது. ஆயினும் 'பாலாற்று' என்பதனோடு இருந்த மோனை போய்விட்டது. தளை என்னும் தையல் பக்கத்தில் இருப்பது. மோனை சீர் தாண்டிப் பாய்வது. முதற்சீரையே மாற்றி 'ஆம்பூரில் மண்ணில்' என்றால் (இலக்கணமும் சற்று முறைக்கும், அது கிடக்க) தளை பிழைக்கவில்லை. ஆனால் மோனை கெட்டது, அதோடு அடி தாண்டிச் சென்று 'காலத்தை' என்பதனோடு இருந்த எதுகையும் கெட்டது. இடக்கால் துண்டுக்காக வலக்காலைப் பிரித்த கதை இது. அடியின் முதற்சீரே திருத்துவதற்கு மிக்க விலையுடையது என்பதைப் பழம்புலவர் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தனர்.

யாப்பு என்பது கவிஞர் கையைக் கட்டும் கயிறு என்று இளைஞர் சிலர் கூறுவதுண்டு. கயிறாகவும் இருக்கலாம், ஆனால் திருத்தும் வேளையில் அது அறிவிப்பாளர். 'இன்ன சீர் மாறியது, இன்ன இடம் அழுக்கு' என்று உடனே சொல்லிவிடுகிறது. ஆசிரியப்பா தளையில் அவ்வளவு இறுக்கம் காட்டுவதில்லை. அதன் அறிவிப்பு மெல்லியது. புதுக்கவிதையில் அறிவிப்பாளர் எவரும் இல்லை. ஏழாம் வரியில் ஒரு சொல்லை மாற்றியவருக்கு, இரண்டாம் வரியில் எது பழையதாகிவிட்டது என்று சொல்வார் இல்லை. அதனால் இருவகைப் பிழை நேர்கிறது. சிலர் ஒரு சொல் பொருந்தவில்லை என்று கவிதை முழுவதையும் கிழித்துவிடுகின்றனர், திரை துடிக்கிறது. மற்றும் சிலர் ஒரு சொல்லை மாற்றி அத்தோடு அச்சுக்கு அனுப்பிவிடுகின்றனர். பழைய சொல்லின் வால் வேறெங்கோ ஒட்டிக்கொண்டு நிற்கிறது. வட்டத்தின் கூட்டங்களில் கவிதையை வாய்விட்டுப் படிப்பதன் பயன் இங்கேதான். எழுதியவர் காணாத அழுக்கைக் கேட்பவர் செவி காண்கிறது. பாராட்டி அமர்த்திவிடும் வழக்கம் இதற்கு உதவாது.

யாப்பாகிய அறிவிப்பாளரும் எல்லாம் அறிந்தவர் அல்லர். அதே குறளில் 'மண்ணில்' என்பதனை எடுத்துவிட்டு 'நீரில்' என்று வைத்துப் பார்க்கலாம்.

பாலாற்று நீரில் பதனிட்ட தோல்போலக்
காலத்தை வெல்லும் கவி.

தேமாவுக்குத் தேமா. முன் மூட்டு நலம். பின் மூட்டு நலம். எதுகை, மோனை எதுவும் கலையவில்லை. வேறு ஊரில் இதனைப் படிப்பவர், திருத்தம் நிகழ்ந்ததையே உணரார். வேலூரிலும் ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் படிப்பவர் நிலை அவ்வாறன்று. ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகிறது என்பதையும், தோல் தொழில் மண்டலத்தில் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமற் போனது என்பதையும் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28இல் வழங்கிய தீர்ப்பில் எடுத்துரைத்தது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991இல் தொடுத்த வழக்கு அது. கூடத்தின் சுவருக்குள் நிற்கும் என்று எண்ணிய கழிவு, ஆற்றுக்கும் கிணற்றுக்கும் சென்றது. அழுக்கான பகுதியின் எல்லையைத் தொழில் தவறாகக் கணித்திருந்தது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட காலம் போய்க் குரோமிய உப்பு வந்தபின், அக்கணக்கு மேலும் பிழைத்தது.

ஒரே ஒரு சீர் மாறியது. ஆயினும் இரண்டாம் அடியில் மாறாமல் நிற்கும் 'காலத்தை வெல்லும்' என்னும் தொடர், அந்நீரைக் குடித்தவர் காதில் இப்போது வேறொன்றாக ஒலிக்கிறது. காலத்தை வென்று நிற்பது கவியா, கிணற்றடியில் படிந்த உப்பா என்று கேட்கிறது. 'போல' என்னும் உவமவுருபு, புகழ்ச்சியைச் சுமந்த நிலை நீங்கி, வசையைச் சுமக்கிறது. எழுதியவர் அதனை வேண்டியே 'நீரில்' என்று வைத்திருந்தால், அக்குறள் முன்னதைவிட வலியது. வேண்டாமல், ஓசை பொருந்துகிறது என்பதற்காக வைத்திருந்தால், 'மண்ணில்' என்பதையே மீண்டும் இட்டுக்கொள்வது நன்று. அம்மண்ணும் எந்த அளவுக்குத் தூயது என்பதை எண்ணிய பிறகு.